திருப்பிக் கேட்ட சீம்பால்

சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள்... தெருவே மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். எனக்கு மட்டும் அந்த வாசனை வந்தால் கோபம் வரும். அறுபது வருஷமாக!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டோ மூன்றோ, சரியாக ஞாபகமில்லை. துறையூர் ரோட்டில் ஒரு ஊர். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். விடிகிற நேரத்தில் எங்கள் வீட்டுப் பசு கன்று போட்டது. கிடாரி, பெண் கன்று. ஆனால் கால்கள் துவண்டு கிடந்தது. தலையைத் தூக்கி வைத்தால் தொப்பென்று விழுந்தது. எழுந்து போய் மடியில் குடிக்க அதற்குத் தெம்பு ஏது?

மாமனார் ஒரு பார்வை பார்த்தார்.

"இது தேறாதும்மா. வைக்கோல் கன்னு கட்டுறவருக்குச் சொல்லி விட்டுடுறேன்."

கன்று செத்துப்போனால் பசு பால் சுரக்காது. அதனால் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பக்கத்தில் நிறுத்துவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே பால் விடும். எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் இது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததே!

உள்ளே ஓடினேன். சீம்பால் செம்பு காலி. மாடு ஈன்றால் முதல் பாலை நாலு வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம். மாமியார் கறந்த கையோடு கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"கன்னுக்கு எங்க அத்தை?"

"நிக்கவே முடியாததுக்குப் பாலு எதுக்கு? வீணாத்தானே போவும்?"

மறுபடி கறக்கலாம் என்று போனால் பசு எட்டி உதைத்தது. எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ... செம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க!

இரண்டு வீட்டில் அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது வீட்டு அம்மா பாலைச் செம்பில் ஊற்றிக்கொண்டே, "குடுத்ததத் திருப்பிக் கேக்குற மருமவள இன்னைக்குத்தான்டி பாக்குறேன்" என்றார். "பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நாலாவது வீட்டுக்குப் போனேன். அங்கே பாதி கிடைத்தது. போதும்.

அடுத்து நான் செய்ததுதான் மகா முட்டாள்தனம். மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயில் பாலை எடுத்து, கன்றின் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினேன். புரையேறிவிட்டது. மூக்கு வழியாகப் பால் வந்தது, கண் செருகியது. ஐயோ, நானே கொன்றுவிட்டேனே! தலையைக் கீழே தொங்கவிட்டு முதுகில் தட்டினேன். இருமியது. அப்பாடா!

அதன்பிறகு துணித் திரியைப் பாலில் நனைத்து விரலோடு வாயில் வைத்தேன். நாக்கு லேசாக அசைந்தது. சப்பத் தெரிந்தால் போதும், புட்டியில் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. என் வீட்டுக்காரருக்கு டவுனில் சத்திரத்துப் பக்கம் ஒரு கடையில் வேலை. பத்து மணி பஸ் கண்டக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். "பால் புட்டி ஒன்று வாங்கி வரவும். அவசரம்."

சாயங்காலம் மனுஷர் புட்டியோடு இறங்கினார். இன்னொரு கையில் லட்டுப் பொட்டலம். முகமெல்லாம் சிரிப்பு. கண்டக்டர் சீட்டைப் படித்துவிட்டு அப்பா ஆகப்போகிறீர்கள் என்று அவருக்குக் கைகொடுத்தாராம்!

"கன்னுக்குன்னு எழுதக் கூடாதா?" என்றார் பாவம்.

"நெசமாவே நான் முழுகாம இருந்தாலும் பொறக்க மாசக்கணக்காகுமே, புட்டிக்கு என்ன அவசரம்னு யோசிக்க மாட்டீங்களா?"

"சந்தோஷத்துல யோசிக்கலடி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. லட்டைத் தின்றுகொண்டே ஊசியைச் சுட்டு ரப்பரின் ஓட்டையைப் பெரிதாக்கினேன். அவர் கன்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு மடக்கு... இரண்டு மடக்கு... காலிப் புட்டியைத் தூக்கி மாமியாரிடம் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் முதல் கன்றைத் தாயின் முகத்துக்கு நேரே படுக்கவைத்துக் கறந்தேன். கறந்த சூட்டிலேயே புட்டியில் ஊற்றிக் கொடுப்பேன். சாக்கை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்துவேன். விழும். மறுபடி தூக்குவேன். இடுப்பு விட்டுப்போகும்.

வைக்கோல் கன்று கட்டுகிறவர் வந்து வாசலில் நின்றார். "நாளைக்கு வாங்க" என்றேன். அடுத்த நாளும் வந்தார். "நாளைக்கு வாங்க." மாமனார், "உனக்கு என்னம்மா இவ்வளவு பிடிவாதம்?" என்றார். நான் புட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

நாலாம் நாள் வைக்கோல் கன்றுக்காரர் வந்தபோது கன்று நின்றுகொண்டிருந்தது. கால் நாலும் நாலு பக்கம் போக, தள்ளாடித் தள்ளாடித் தாயிடம் போய் மடியை முட்டியது. நான் புட்டியை நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை கழுதை! மாட்டுக்கொட்டகையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஈத்தில் பசு கன்று போட்டபோது தெருவுக்குச் சீம்பால் போகவில்லை. மாமியார் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "மொதல்ல கன்னு குடிக்கட்டும். மிச்சம் இருந்தாப் பாப்போம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

இப்போது ஸ்ரீரங்கத்தில் மகனோடு ஃபிளாட்டில் இருக்கிறேன். டெய்லர் பிளவுஸைக் கெடுத்துக் கொடுத்தாலும் "பரவால்லப்பா". நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் மருந்து எழுதிவிட்டாலும் "பரவால்ல டாக்டர்". எனக்குப் பிடித்த சேனலைப் பேரன் மாற்றினாலும் பரவாயில்லைதான். எல்லாரும் என்னை ரொம்பத் தன்மையான பாட்டி என்கிறார்கள்.

அந்த நாலு நாளில் ஒருமுறைகூட நான் "பரவாயில்லை" என்று சொன்னதாக ஞாபகமில்லை.