மூன்றாவது பாட்டின் முடிவில்

அப்பா இறந்துபோனதை இன்று அருணிடம் நான் சொல்லவில்லை.

அவன் முன்பு எங்கள் தெருவில் இருந்தவன், ஒரு ராக் பேண்டில் கிட்டார் வாசிப்பவன். அவர்களுடைய முதல் ஆல்பம் எங்கள் பள்ளிக்கரணை வீட்டு ஹாலில், ஜன்னலுக்கு மெத்தை சாத்திப் பதிவானது. தாம்பரம் பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, அந்த ஆல்பத்தையே சரி பண்ணி, நாலு பாட்டு சேர்த்து திரும்ப விட்டுட்டோம். மூணாவது பாட்டு முடிவுல அங்கிள் ‘டேய், தோசை ஆறுது’ன்னு கத்துவாரே, அதையும் தூக்கியாச்சு. அவர்கிட்ட சொல்லுங்க!”

“பழசு இருக்கா?”

“நெட்லருந்து எடுத்தாச்சுக்கா. டிஸ்க்கையும் அழிச்சு இத ஏத்திட்டோம்.”

அப்பாவின் குரல் வேறெதிலும் எங்களிடம் இல்லை. பழையதை யாராவது டவுன்லோட் செய்திருந்தால் அனுப்புங்கள். பாட்டு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து புதியதைப் போட்டேன். மூன்றாவது முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியதும் அம்மா எழுந்து போய்விட்டார்.