வெளிச்சம் பட்டால் உடையும் மருந்து

எங்கள் வீட்டில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். உடம்புக்குச் சாப்பிடுவது மாத்திரை, போடுவது ஊசி. மதுரையில் ஆராய்ச்சி படிக்கப் போனதில் இது எனக்கு மறந்தே போயிருந்தது.

லீவுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்கு அன்றைக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை இல்லை. மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரியம்மா. மார்பில் புற்றுநோய் வந்து, ஊசி மேல் ஊசி ஏற்றி, மொட்டையாகிப் போன தலையில் இப்போது சுருள் சுருளாக முடி முளைத்திருந்தது. அந்தச் சுருளில் அவருக்கு ஏகப் பெருமை.

"அங்கன அப்படி என்னதாம்லே செய்யுற?" என்றாள் அம்மா.

யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். "கண்ணுக்கே தெரியாத பாலிமர் உறை செய்வோம்மா. அதுக்குள்ள மருந்த அடைப்போம். வெளிச்சம் பட்டா ஒடஞ்சுரும்."

அம்மாவின் கை நின்றது. "மருந்து அடைக்கியா?"

"ஆமா, இருட்டு ரூம்ல..."

அவ்வளவுதான். "ஏலே, நான் மருந்து ரூம்ல கெடந்து ஒன்னயப் படிக்க வச்சது நீயும் மருந்து அடைக்கவா? வெளிச்சம் பட்டாலே வெடிக்குமாம்ல! திங்கக்கெழம நீ போகக் கூடாது. படிச்சது போதும்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. படிப்பு முடியப் போகிற நேரம்.

"அந்த மருந்து இல்லம்மா. பெரியம்மாவுக்கு ஏத்துனாகளே, அது. ஒடம்பு முழுக்கப் போனதாலதான் முடி கொட்டுச்சு. எங்க உறைக்குள்ள இருந்தா சும்மா கெடக்கும். கட்டி இருக்குற எடத்துல மட்டும் வெளிச்சத்தக் காட்டுவோம். அங்கன மட்டும் உறை பிரியும்."

அம்மாவின் முகம் இளகவில்லை. பெரியம்மாதான் கேட்டார். "அப்ப வாந்தி வராதாலே?"

"கொறையும்னு நெனைக்கோம் பெரியம்மா. இப்ப எலிக்குத்தான் குடுத்துப் பாக்கோம். மனுசருக்கு வர ரொம்ப வருசம் ஆகும்."

ஊசி ஏற்றிய அந்த மாதங்களில் பெரியம்மாவின் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, வாந்திக்குச் சட்டி ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது அம்மாதான். அவள் அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கெழம வரைக்கும் இங்கன ஒனக்கு என்னலே சோலி? சாயங்காலமே பஸ் இருக்கு, கெளம்பு."