பேஸ்பால் திடலில் நான் அணைத்த தீ

பெகு ஊரையே பூகம்பம் சாய்த்ததே, அதற்கு மூன்று வருடம் முந்தி, ஐப்பசி மழை விடாமல் கொட்டிய வருடம். பள்ளிக்கூடம் போகாதவன் நான். வருடங்களை இப்படித்தான் எண்ணி வைத்திருக்கிறேன். ரங்கூனில் யுனிவர்சிட்டி மாணவர்களின் பேஸ்பால் திடலைப் பராமரிக்கிற வேலை என் தங்கை புருஷன் முத்தையாவுக்கு. கப்பல்காரர்களோடு ஆட்டம், வந்து பாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

நான் இருந்த கியாக்தானில் காலை ஆறு மணிக்கு லாஞ்சு, நாலணா. ரங்கூன் போய்ச் சேரப் பத்து. லான்மடாவ் வரை டிராம், ஓரணா. அங்கிருந்து அரை மைல் நடை.

மூங்கில் வேலிக்கு மேலே கரும்புகை. உள்ளே போனால், திடலின் நடுவே தரை பற்றி எரிகிறது! மாணவர்கள் கைகட்டி வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன மனிதர்கள் இவர்கள்! யாரையும் கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றினேன். ஏழாவது வாளியில் முத்தையா என் கையைப் பிடித்தார்.

"ஐயோ மச்சான், என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"பத்தி எரியுது மாப்பிள்ளை, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

"ஈரம் காயணும்னு நாங்கதான் எண்ணெய் ஊத்திக் கொளுத்தினோம். மூணு மணிக்கு ஆட்டம் நடக்கலேன்னா எனக்கு வேலை இல்லேன்னு வாத்தியார் சொல்லிட்டாரு."

தரையைக் காயவைக்க மண்ணெண்ணெயா? அமெரிக்காவில் அப்படித்தானாம். அந்த அமெரிக்க வாத்தியார் டின்னும் கையுமாக, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்து நின்றார். திடலோரக் குடிசையில் என் தங்கை அதற்குள் சட்டிபானைகளை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

நான் எங்கள் ஊர் அரிசி மில்லில் கூலி. உமிச்சாம்பல் தண்ணீரைக் குடிக்கும் என்பது தெரியும். அங்கேயும் ஆற்றோரம் ஒரு மில், கால் மைல்தான். மாட்டு வண்டியில் நாலு நடை அடித்தோம். மாணவர்களும் கூடை சுமந்தார்கள். இரண்டரைக்குத் திடல் காலைத் தாங்கியது. மூன்றுக்கு ஆட்டம்.

நாலு மூலையில் நாலு திண்டு. பந்தை அடித்தவன் ஓடி ஓடித் தொடவேண்டும். தொடுமுன் தொப்பென்று விழுந்து சறுக்குகிறார்கள்! வெள்ளை உடுப்பெல்லாம் சட்டியின் அடிக்கரி. நம் பிள்ளைகள் தோற்றார்கள்.

வாத்தியார் முத்தையாவைக் கூப்பிட்டார். மாணவர்களின் கேப்டன் கோ தெய்ன் குறுக்கே வந்து பர்மாப் பேச்சில் சொன்னது எனக்கும் விளங்கியது: "ஆடினது நாங்க, தோத்தது நாங்க, துவைக்கப் போறதும் நாங்க. ஊ முத்தையா மேல என்ன கோபம்?" ஊ என்றால் அவர்கள் பேச்சில் ஐயா.

வாத்தியார் தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தார். அதுவும் கறுப்பு. சிரித்துவிட்டார். "காலையில ஏழு மணிக்கு வந்து சாம்பலை வாரு," என்று முத்தையாவிடம் சொன்னார். தங்கை மூட்டையை அவிழ்த்தாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தத் திடல் இப்போது இல்லை, தேடி அலைய வேண்டாம். ஐப்பசியில் ரங்கூன் போனால் மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். வெளியூரில் எது எரிந்தாலும், வாளியைத் தொடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாப்பிள்ளை போய்விட்டார். கோ தெய்னும் போய்விட்டார். வாத்தியார் யுத்தத்துக்கு முன்பே தன் ஊரில் செத்துப்போனதாகக் கேள்வி. அன்று அங்கே நின்றவர்களில் எனக்குத் தெரிந்து என்னைத் தவிர மிச்சம் ஒரே ஆள்: இன்றைக்கும் என்னை அடுப்புப் பக்கம் விடாத என் தங்கை பொன்னம்மா.