விலையா, கோவமா?

காசிம் பாய் இறந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை, சந்தை கூடுகிற நேரத்தில், மேலப்பாளையத்தில் தன் வீட்டில். நான் வண்ணார்பேட்டைக் கடையில் புண்ணாக்கு மூடை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் மகள் போன் செய்து, "மாமா, வாப்பா மவுத்தாயிட்டாக" என்று மட்டும் சொன்னாள். எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். மத்தியானத் தொழுகைக்குப் பிறகு என்றாள். மீதி மூடையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மாட்டுச் சந்தையில் நாற்பது வருஷம் தரகு பார்த்தவரைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உங்களில் பாதிப் பேர் அவரிடம் கை கொடுத்தவர்கள்தான். நம் சந்தை வியாபாரிகள் சங்கத்தில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். அலங்காரமாக எழுத வராது, இப்போது அதற்குத் தெம்பும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சந்தைப் பக்கம் வராதவர்களுக்காக ஒன்றை மட்டும் விளக்க வேண்டும். மாட்டு விலையை நாங்கள் வாயால் பேசுவதில்லை. தரகர் கையும் நம் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். அவர் விரலில் எத்தனையைப் பிடிக்கிறோமோ அத்தனை ஆயிரம். இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகர் துண்டை உதறிவிட்டால் விலை முடிந்தது. அதற்குமேல் மாற்றிப் பேசுகிறவனை மறு வாரம் சந்தையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் சொந்தமாக முதல் மாடு வாங்கப் போனேன். அதுவரை அடுத்தவர் மாட்டைக் கூலிக்கு ஓட்டி வந்தவன். பத்தாயிரத்துக்கு மேல் எத்தனை என்பதுதான் பேச்சு. இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்று மனதில் வைத்திருந்தேன். விற்க வந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் எனக்குக் கேட்கும்படி, "கூலிக்கு மாடு பத்துனவன்லாம் மொதலாளியா வந்து நிக்கான்" என்றார். துண்டுக்கு அடியில் என் கை காசிம் பாயின் ஐந்து விரலையும் சேர்த்து நெரித்துவிட்டது.

அவர் துண்டை உதறியிருக்கலாம். விற்கிறவருக்கும் லாபம், அவருக்கும் தரகு. அவர் உதறவில்லை. கையையும் விடவில்லை. குனிந்து என் காதில் கேட்டார்: "இது விலையா வே, கோவமா?"

கோபம்தான் பாய் என்றேன்.

"அப்ப ஊதும். டீ ஆத்துத மாதிரி, பைய. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சந்தை நடுவில் ஒரு மனிதன் வாயைக் குவித்து ஊதிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நின்றேன். நாலைந்து தடவை ஊதியதும் கை தானாகத் தளர்ந்தது. இரண்டு விரலைப் பிடித்தேன். கடைசியில் மூன்றில் முடிந்தது. மாடு நல்ல மாடு.

இந்த ஊதும் வித்தையை அவர் எந்தச் சாமியாரிடமும் கற்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவருக்கு இழுப்பு. ஒருமுறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்சம்மா சொல்லிக் கொடுத்ததாம்: மூக்கால் கொஞ்சமாக எடு, உதட்டைக் குவித்து எடுத்ததைப்போல் இரண்டு பங்கு நேரம் வெளியே விடு. அவருக்கு அது உயிர் பிழைக்கிற வழி. கோபத்துக்கும் அதுவே கேட்கிறது என்பதைச் சந்தையில் அடுத்தவர் கையைப் பிடித்துப் பிடித்துக் கண்டுபிடித்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு மூச்சு ரேசன்ல வருது வே. அத கோவத்துக்குக் குடுத்துட்டு நான் எத வச்சு நடக்க?" என்றார்.

எனக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் மாத்திரை எழுதி, மூச்சுப் பயிற்சி வகுப்புக்கும் போகச் சொன்னார். மூன்று நாள் போனேன். கண்ணை மூடி அருவியை நினைக்கச் சொன்னார்கள். எனக்குப் பருத்திக்கொட்டை விலைதான் நினைவுக்கு வந்தது. நெஞ்சு நிறைய இழுத்து இழுத்துத் தலை சுற்றிவிட்டது. காசிம் பாயிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கே இழுப்பு வந்துவிட்டது. அடங்கியதும் சொன்னார்: "நீரு உள்ள இழுத்து வச்சிக்கிட்டே இருக்கீரு. வெளிய விட்டாத்தான வே அடுத்தது வரும். மாத்திரைய மட்டும் நிப்பாட்டிராதீரும்." மாத்திரையை இன்றுவரை நிறுத்தவில்லை.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். என் தம்பி தங்கராசு, நான் கூலிக்கு ஓட்டிய காலத்திலிருந்து என் கூடவே நடந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் தச்சநல்லூரில் பால் ஊற்றுகிற ஓர் அம்மா எங்களிடம் மாடு பார்க்க வந்தது. மாட்டுக்கு ஒரு காம்பு அடைப்பு, அதில் பால் வராது. எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். காசிம் பாய் துண்டைப் போடும் முன்பே அவன் அந்த அம்மாவிடம் காம்பு விஷயத்தைச் சொல்லிவிட்டான். சந்தையே பார்க்க அவன் கன்னத்தில் அறைந்தேன். நாற்பத்தாறு வயது ஆள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டான். பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. தச்சநல்லூரில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறான் என்று மற்றவர் சொல்லித்தான் தெரியும்.

என்னைத் தடுத்திருக்கக் கூடாதா என்று காசிம் பாயிடம் அன்று சாயங்காலம் குறைப்பட்டேன். நியாயமில்லாத கேள்விதான். "அன்னேரம் உம்ம கை என்கிட்ட இல்லையே வே" என்றார். அவ்வளவுதான். புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. மூக்கில் குழாய். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் தலையணைமேல் கிடந்த துண்டை எடுத்து எங்கள் கைமேல் போட்டார். என் ஐந்து விரலையும் பிடித்தார்.

"இது உம்ம தம்பி சொன்ன விலை. அவன்கிட்ட ஒரு வார்த்த பேசுததுக்கு முன்னால நீரு அஞ்சு மூச்சு விடணும். சம்மதம்னா வீட்டுக்கு வாரேங்கான்."

அந்த உடம்போடு அவர் போனில் அவனைப் பிடித்துப் பேசியிருக்கிறார். நான் அதை நினைக்கவில்லை. அண்ணனுக்குத் தம்பி விலை சொல்வதா என்றுதான் நினைத்தேன். அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன்.

"ரெண்டுக்குக் கட்டாது" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார். "மூணு வரைக்கும் உம்ம கோவம் எறங்காது. இருவது வருசமா உம்ம கையப் பிடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" துண்டை உதறாமல் மடித்துப் பக்கத்தில் வைத்தார். "பேரம் நிக்கி. யோசிச்சிட்டு வாரும்."

நான் போகவில்லை. சரக்கு வரத்து, கடையில் ஆள் இல்லை என்று தினமும் ஒரு காரணம் இருந்தது. உண்மையான காரணம் ஐந்துக்கு ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மையவாடியில், அவரை அடக்கம் செய்கிற இடத்தில், தங்கராசுவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. தனியாக, சுவரை ஒட்டி நின்றான். இங்கே வரத் தெரிகிறது, வீட்டுக்கு வரத் தெரியவில்லையா என்ற கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. வாயைக் குவித்து ஊதினேன். ஒன்று. இரண்டு. என் உதட்டைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் நகரவில்லை. மூன்றாவதிலும் அந்தக் கேள்வி அங்கேயேதான் இருந்தது. பாய் சொன்னது சரி. நான்காவதில் அது போய்விட்டது. எனக்குக் களைப்பு மட்டும் மிஞ்சியது.

மண் போட்டு எல்லோரும் கலைந்தபின் வெளியே டீக்கடை ஓரம் அவன் அருகில் போனேன். தோளில் இருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு நீட்டினேன். அவன் என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கையை உள்ளே விட்டான். என் ஐந்து விரலையும் பிடித்தான். தொழில் புத்தி போகவில்லை, நான் அவனுடைய நாலைப் பிடித்தேன்.

"இங்கனயுமா அண்ணே பேரம்?" என்றான். நாலு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"அஞ்சு வேண்டாம்டா. நாலுலயே எறங்கிருது. இப்பத்தான் பாத்தேன்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. நானும் விடவில்லை. துண்டை உதற நடுவில் ஆள் இல்லாததால் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நாங்களே உதறினோம்.

காசிம் பாயிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஒரு கேள்வி. கை இறுகும்போதெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இது விலையா, கோவமா? மற்றபடி அவர் பேசி வைத்துவிட்டுப் போன பேரம் முடிந்துவிட்டது. அவருக்குத் தெரிவிக்க வேறு வழி இல்லாததால் இங்கே எழுதுகிறேன். தம்பியிடம் வாய் திறக்கும் முன் நாலு மூச்சு. வெளியே விடுவது மட்டும் கணக்கு. நாலும் முடிகிறவரை அவன் எழுந்து போகக் கூடாது. மாட்டில் குறை இருந்தால் அவன் சொல்வான், நான் குறுக்கே பேசக் கூடாது. வருகிற செவ்வாய்ச் சந்தைக்கு இருவரும் சேர்ந்தே வருகிறோம், அன்று முதல் நடப்பு.