கடலில் விழுந்த எங்கள் வீடு

எங்கள் வீட்டை ஒரு கம்ப்யூட்டர் தூக்கிக் கடலில் போட்டது. அதுவும் நான் வேலை பார்க்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

எண்ணூர் வட்டாரக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளக்க, மாடிகளிலும் கம்பங்களிலும் சிறு சென்சார் பெட்டிகள் வைத்திருந்தோம். காத்திவாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியிலும் ஒன்று. செலவு கட்டாது என்று அவற்றில் ஜிபிஎஸ் வைக்கவில்லை. நங்கூரம் என்று நாங்கள் அழைக்கும் மூன்று பெட்டிகள் மட்டும், மாட்டும்போது நாங்கள் பதிந்துவிட்ட இடத்தைத் தம் இடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவற்றின் சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை வைத்து மற்றவற்றின் இடத்தைக் கணக்கிடுவோம்.

அந்த வாரம் சுற்றியுள்ள ஆலைகளின் வாயு நெடி தாங்காமல் எங்கள் தெருவே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. மாடிப் பெட்டி அதை ஒழுங்காக அளந்து அனுப்பியிருந்தது. வரைபடத்தில்தான் அந்தப் புள்ளி கரையைத் தாண்டித் தண்ணீரில் நின்றது.

"கடல்ல காட்டுற ரீடிங்கை எப்படிம்மா ரிப்போர்ட்ல வைக்கிறது? அதை எடுத்துடு," என்றார் மேலாளர்.

"எங்க வூடு கடல்ல இல்ல சார். தெருவுலதான் கீது. எடுக்க மாட்டேன்."

ஆபீஸில் நான் இப்படிப் பேசுவதில்லை. அன்று வேண்டுமென்றே பேசினேன். சாயங்காலம் வரை பொறுப்பதாகச் சொன்னார்.

அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அப்ப நான் இருமிகினு கீறது மீனுக்குத்தான் கேக்குதா?" என்றாள்.

நங்கூரங்களைப் பார்த்துவர ஸ்கூட்டரை எடுத்தேன். இரண்டு நங்கூரங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. மூன்றாவது எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இருக்க வேண்டும். எங்கள் குழுவின் வெளியூர்க்காரர்கள், சுவரோரம் துருப்பிடித்து நின்ற கன்டெய்னரின் மேல் அதை மாட்டிவிட்டு வந்திருந்தார்கள். இந்தப் பக்கம் பிறந்த எவரும் கன்டெய்னரை நம்பி ஒரு கொடிக்கயிறுகூடக் கட்ட மாட்டார்கள்.

போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி.

"அத்த டிரெய்லர்ல ஏத்திகினு மணலி பக்கம் போய்ட்டாங்களேம்மா," என்றார் வாட்ச்மேன்.

மணலியில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் எர்ணாவூரில் இருப்பதாகவே அந்தப் பெட்டி சாதித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து சிக்னல் மெலிந்து வரவே, எங்கள் வீடுதான் விலகிப்போய்விட்டது என்று கணக்கு முடிவுகட்டி, கிழக்கே தள்ளிவிட்டது. யாருடைய இரும்போ ஊர் சுற்றப் போனதற்கு நாங்கள் மூழ்க வேண்டுமாம்.

காலி இடத்தைப் படமெடுத்து மேலாளர் முன் வைத்தேன். எங்கள் தெருவின் ரீடிங் ரிப்போர்ட்டில் ஏறியது.

"நகராத இடமா ஒண்ணு வேணுமே. புது நங்கூரத்தை எங்க வைக்கலாம்?" என்றார்.

"எங்க மாடியில," என்றேன்.

நெடி இன்னும் நின்றபாடில்லை. அம்மாவும் இருமுகிறாள். ஆனால் இன்று அந்த ஆலைகளின் வாசலில் இருக்கும் பெட்டிகூட, தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டாக வேண்டும்.