பட்டியலில் இல்லாத காம்பரா

அந்தத் தொலைபேசிப் பேச்சு நான்கு நிமிடத்துக்கு மேல் போயிருக்காது. என் அக்காவுக்கு மூன்றாவது முறையாகத் தரித்த பிள்ளை தங்காமல் போனதற்கு அந்த நான்கு நிமிடம்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை, அவளுக்கு அது தெரியவே தெரியாது. முழுவதும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போன் எடுத்த நான். மற்றவர் அந்தப் பக்கத்தில் பேசிய கிளினிக் அக்கா.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து வராது. அதனால் பாடசாலை ரிப்போட்டில் அப்பாவின் கையெழுத்தை என் அக்காதான் போடுவாள். எட்டாம் வகுப்போடு நின்று தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போனவள் அவள். ஆனாலும் அப்பாவின் பெயரை அவள் எழுதினால் அவ்வளவு கம்பீரமாக இருக்கும். ஒரு முறை அதிபர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பா தோட்டத்துல கிளாக்கரா?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். அப்பா தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆள்.

மாத்தளை டவுனில் கம்பியூட்டர் டிப்ளோமா முடித்த சில மாதங்களில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தோட்டங்களிலும் கிராமங்களிலும் வேலை செய்யும் சுகாதாரத் தொண்டர்களுக்கு ஆளுக்கொரு டெப், கையடக்கக் கம்பியூட்டர், கொடுத்து, அதில் எப்படிப் பதிவது என்று பழக்கி, அவர்கள் அனுப்புவதை டவுனிலிருந்து கவனிக்க வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு மிட்வைஃப் மிஸ் பலாபத்வலப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் வருவார். அவருக்கு ஐந்தாறு தோட்டங்கள். எங்களுக்குக் கிழமையில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் எங்கள் வரிசை வீடுகளை, லயம் லயமாக, ஏறி இறங்குவது தொண்டர்தான். எங்கள் தோட்டத்துத் தொண்டரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சின்னப் பிள்ளை முதல் கங்காணி வரை எல்லோருக்கும் அவர் கிளினிக் அக்கா. நாற்பது வயதிருக்கும். வாய் சும்மா இருக்காது. நான் முதல் நாள் மடித்த சேர்ட்டும் சப்பாத்துமாகப் போய் நின்றபோது, "அடேங்கப்பா, நம்ம மருந்தடிக்கிற அண்ணன் மகன் கம்பியூட்டர் சாரா வந்திருக்காரு. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடி," என்றார்.

பயிற்சி அலுவிகாரைப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கிளினிக் அக்கா தன் பழைய கொப்பியையும் கொண்டுவந்திருந்தார். லயத்துக்கு ஒரு பக்கம். லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற காம்பரா ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: யார், எத்தனை பிள்ளை, என்ன ஊசி. சில வரிகளின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

"தம்பி, இந்தப் புள்ளிய இதுல எங்க வைக்கிறது?" என்று டெப்பைத் தூக்கிக் காட்டிக் கேட்டார். மண்டபமே சிரித்தது.

"அது என்னக்கா புள்ளி?"

"முழுகாம இருக்கான்னு எனக்குத் தெரியும். அவ இன்னும் வெளிய சொல்லல."

எங்கள் பக்கம் ஐந்தாம் மாதம் வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். ஒன்றிரண்டு தவறிப்போனவர்கள் என்றால் பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு குனிகிற விதத்தைப் பார்த்தே கிளினிக் அக்கா கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததும் கேட்க மாட்டார், புள்ளி வைப்பார். அதன் பிறகு ஏதாவது சாக்கில் அந்தக் காம்பராவுக்குப் போகத் தொடங்குவார். ஒரு நாள் கருவேப்பிலை கேட்டு, ஒரு நாள் தேத்தண்ணிக்கு. அவளாகவே வாயைத் திறக்கும்வரை போய்க்கொண்டே இருப்பார். கிளினிக்கில் பதிந்ததும் புள்ளி மேல் பேனையால் எழுதுவார். தவறிப்போனால் ரப்பரால் அழித்துவிடுவார். நடந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு நான் சொன்னது வேறு. "அக்கா, கடைசியா தலைக்குத் தண்ணி ஊத்துன தேதியப் போட்டாத்தான் இது சேமிக்கும். தெரிஞ்சத மட்டும் போடுங்க. தெரியாதத விட்ருங்க."

"தெரியாதது இல்லையே. தெரியும், சொல்லக்கூடாது. அதுக்கு எடம் எங்க?"

"அதுக்கு எடம் இல்லக்கா," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சாயந்தரம் பழைய கொப்பிகளையெல்லாம் ஒரு பெட்டியில் வாங்கிக் கட்டிவைத்தோம்.

டெப்பைக் குறை சொல்லி எழுத எனக்கு மனமில்லை. எந்தப் பிள்ளையின் நிறை குறைந்தது, யாருக்கு ஊசி பிந்தியது என்பதெல்லாம் மிஸ் ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். மழையில் நனைந்து கிழிந்த கொப்பியோடு அவர்கள் பட்ட பாடு குறைந்தது. அன்றன்று போக வேண்டிய வீடுகளின் பட்டியலை டெப்பே காலையில் போட்டுக்கொடுக்கும். தொண்டர் எங்கே போகிறார் என்பது டவுனில் என் திரையில் வரைபடமாகத் தெரியும். பட்டியலில் உள்ள வீடென்றால் பச்சை. இல்லாத வீடென்றால் ஆரஞ்சு.

நான்கு கிழமையாக, புதன்கிழமை தவறாமல், கிளினிக் அக்காவின் தடத்தில் ஓர் ஆரஞ்சு விழுந்தது. எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசன், கடைசி லயம். முக்கால் மணித்தியாலம். அந்த லயத்தில் பதிவான தாய்மார் ஒருவரும் இல்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணம் கட்டிப் போன என் அக்கா அங்கேதான் இருக்கிறாள்.

வேறு வீடாக இருந்திருந்தால் நான் விட்டிருப்பேனோ என்னவோ. என் சொந்தக்காரர் வீடு என்பதால்தான் விட முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்த வரைபடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். தோட்டத்துப் பையனுக்கு வேலை கொடுத்தால் இப்படித்தான், வேலை நேரத்தில் ஆட்களைத் தன் வீட்டுக்கே அனுப்புகிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். என்னைக் காக்கா பிடிக்கத்தான் அவர் அக்கா வீட்டுக்குப் போகிறார் என்றும் ஒரு நினைப்பு. நேர்மையாக இருப்பதாக எண்ணிக்கொண்டு போனை எடுத்தேன்.

"அக்கா, புதன்கிழமை புதன்கிழமை மேல் டிவிசன் கடைசி லயத்துக்கு ஏன் போறீங்க? அங்க லிஸ்ட்டுல யாருமே இல்லையே."



"சும்மாதான் தம்பி. ஒங்க அக்கா கையால ஒரு தேத்தண்ணி குடிக்க."

"தேத்தண்ணிக்கு முக்கா மணித்தியாலமா?"

"இஞ்சி தட்டிப் போட்டா நேரம் எடுக்குந்தானே."

நான் சிரிக்கவில்லை. "இங்க எல்லாரும் இதப் பாக்குறாங்கக்கா. கேட்டா நான் என்ன சொல்றது? எங்கக்கா வீட்டுல ஒக்காந்து கதைச்சிக்கிட்டிருக்காங்கன்னா? ரெண்டு பேருக்கும் பேச்சு வரும். லிஸ்ட்டுல உள்ள வீட்டுக்கு மட்டும் போங்க."

"சரிங்க சார்," என்றார். அவர் கேலியில்லாமல் என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த இரண்டு புதன்கிழமையும் எல்லாம் பச்சை. மாதக் கூட்டத்தில் அந்த வரைபடத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள்.

மூன்றாவது புதன்கிழமை வருவதற்கு முந்தின நாள் காலையில் மச்சான் எனக்குப் போன் எடுத்தார். அக்காவைத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான்காம் மாதமாம். மூன்றாவது முறை தரித்ததே எனக்கு அப்போதுதான் தெரியும், அம்மாவுக்கும் அப்போதுதான்.

வைத்தியர் நல்ல மனிதர். நின்று நிதானமாகப் பேசினார். அக்காவுக்குக் கடைத்தெருச் சிங்களம் வரும். வைத்தியர் பேசிய சிங்களம் வராது. நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். முன்பு இரண்டு தடவையும் இதே மாதத்தில் இப்படி ஆகியிருக்கிறது, மூன்றாம் மாதத்திலேயே வந்திருந்தால் கர்ப்பப்பை வாயில் ஒரு தையல் போட்டுப் பார்த்திருக்கலாம், சில பேருக்கு அது காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது என்றார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா சொல்றாரு?"

"அடுத்த தடவ தெரிஞ்ச ஒடனே வரச் சொல்றாரு. மருந்து இருக்காம்."

அவ்வளவுதான் சொன்னேன். படித்தவன் என்று என்னை நம்பியிருந்தவளுக்கு அந்த வாக்கியத்தில் பாதியைத்தான் கொடுத்தேன்.

வைத்தியர் போன பிறகு, படுத்தபடியே மெல்லக் கேட்டாள். "அந்தக் கிளினிக் அக்கா ஏன்டா அப்பறம் வரவே இல்ல? நான் ஏதும் தப்பாக் கதைச்சிட்டேனா?"

"ஏன், வருவாங்களா?"

"கெழமைக்கு ஒருக்கா வருவாங்க. அவங்க சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் பயமே தெளிஞ்சிச்சு. அடுத்த புதன்கிழமை வாங்க, கூட்டிக்கிட்டு கிளினிக்குக்குப் போங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். சீலகூட மடிச்சு வச்சிட்டேன். தனியாப் போக மனசு வரல."

அடுத்த புதன்கிழமை என்று அவள் சொன்னது எந்தப் புதன்கிழமை என்று எனக்குத் தெரிந்தது. எல்லாம் பச்சையாக இருந்த முதல் புதன்கிழமை. நான் எழுந்து, தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி வெளியே போனேன்.

இரண்டு நாள் கழித்துக் கிளினிக் அக்காவின் காம்பராவுக்குப் போனேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் ஏசவில்லை. சுவரில் மாட்டியிருந்த கலண்டரைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். கொப்பியை நாங்கள் வாங்கிக்கொண்ட பிறகு அதன் பின்பக்கத்தில்தான் காம்பரா நம்பர்களை எழுதிவைத்திருந்தார். கடைசி லயத்தில் என் அக்காவின் நம்பருக்குப் பக்கத்தில் ரப்பர் தேய்த்த தடம் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"சத்தியம் வாங்கிட்டா தம்பி. அதுலயும் ஒங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னா. 'அவனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே கம்பியூட்டர்ல ஏத்திருவான்'னு சொல்லிச் சிரிச்சா."

பிறகு அவரே, "நானும் போயிருக்கலாம். டெப்ப வீட்டுல வச்சிட்டுப் போயிருக்கலாம். வேல போயிருமோன்னு பயந்துட்டேன்," என்றார். அதுதான் என்னை மிகவும் வதைத்தது. அவர் தன் மேலும் ஒரு பங்கைப் போட்டுக்கொண்டார்.

அலுவலகத்தில் நான் கேட்டுக்கொண்டதால் டெப்பில் 'உறுதியில்லை' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். ஓடிப்போய்க் கிளினிக் அக்காவிடம் காட்டினேன்.

"இத அமத்துனா யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. மிஸ்ஸுக்கு. அப்பறம் ஆபீஸுக்கு."

"அப்ப இது புள்ளி இல்லையே தம்பி," என்று டெப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பொத்தானை இன்றுவரை எந்தத் தோட்டத்திலும் யாரும் அமத்தவில்லை. ஆரஞ்சு நிறத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். அதற்குக் காரணம் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன், அந்தப் பெண் யாருடைய அக்கா என்பதை மட்டும் விட்டுவிட்டு. இப்போது யார் எங்கே போனாலும் ஒரே நிறம்தான்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கொஞ்ச நாளாகப் புதன்கிழமைகளில் மேல் டிவிசன் கடைசி லயத்தில் கிளினிக் அக்காவின் குறி மறுபடியும் நிற்கிறது. அரை மணித்தியாலம், சில நாள் அதற்கு மேலும். நான் யாரிடமும் கேட்கவில்லை. பார்த்ததும் திரையை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிடுகிறேன்.

ஆனால் அக்கா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கிளினிக் அக்கா தன்மேல் கோபித்துக்கொண்டுதான் அன்று வராமல் இருந்தார் என்று அவள் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கலாம். போன புதன்கிழமை எப்படியாவது சொல்லிவிடுவது என்று போனை எடுத்தேன். அக்காவின் குரலில் ஒரு தெளிவு இருந்தது.

"என்னடா, இந்த நேரத்துல?"

"சும்மாதான். ஒன்னு சொல்லணும்."

"சொல்லு. இரு, இரு. யாரோ வந்திருக்காங்க. அப்பறம் எடுக்குறேன்."

போனை வைப்பதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. "இஞ்சியக் கொஞ்சம் நல்லாத் தட்டிப் போடும்மா."

அக்கா அன்றைக்குத் திருப்பி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.