செல்வியை நான் ஊர் மாற்றினேன்

நான் பொய் எழுதினேன். அந்தப் பொய்யால் ஒரு பெண் செத்துப்போனாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

புதுச்சேரியில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் ஒரு மையத்தில் பதிவேடு எழுதுகிறவள் நான். இந்த மாதம் யார் வந்தார், யார் வரவில்லை, யார் இறந்தார் என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. அது டெல்லிக்குப் போகும். நாடு எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்ற அறிக்கை, என்னைப் போன்றவர்கள் எழுதுவதிலிருந்துதான் எழுகிறது. பயமாக இல்லையா உங்களுக்கு? எனக்கு இருக்கிறது!

மூன்று மாதம் தொடர்ந்து வராதவர்களின் பெயர் ‘தவறியவர்’ பட்டியலில் ஏறும். எங்கள் களப்பணியாளர் லூர்துமேரி அக்கா அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடிப் போவார். ஆனால் ‘வேறு மையத்துக்கு மாறிவிட்டார்’ என்று எழுதினால் பெயர் இறங்கிவிடும். பிறகு ஒருவரும் தேட மாட்டார்கள்.

செல்வி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்றவள். மூன்று மாதமாக வரவில்லை. கைப்பேசியும் அணைந்திருந்தது.

அந்த மாதம் ஆய்வுக் கூட்டம். “நம்ம சென்டர்ல மட்டும் ஏம்மா இவ்ளோ பேரு காணாம போறாங்க? மேல நான் என்னன்னு பதில் சொல்றது?” என்று டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்டார். என்னுடையது ஒப்பந்த வேலை... போ என்றால் போக வேண்டியதுதான்.

செல்வியின் தாய்வீடு கனகசெட்டிக்குளம். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. ‘அந்தப் பக்கம் போயிருப்பாள், அங்கேயே மாத்திரை வாங்குவாள்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாநிலம் மாறினால் போய்ச் சேர்ந்தாளா என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. மாறிவிட்டார் என்று எழுதினேன்.

இன்னொரு சாக்கும் வைத்திருந்தேன். பெயர் பதிந்த நாளில் அவளே கெஞ்சியிருந்தாள், “வூட்டுக்கு மட்டும் வந்துடாதீங்கக்கா, தெருவே பேசும்” என்று. அவளுக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று கூட நினைத்தேன். எவ்வளவு வசதியான இரக்கம், பார்த்தீர்களா!

ஏழு மாதம் கழித்து, எங்கள் மையம் இருக்கும் மருத்துவமனை வாசலில் அவளை ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கினார்கள். அடையாளமே தெரியவில்லை.

அவள் எங்கும் போயிருக்கவில்லை. மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்ட மாமியார் அதைக் குப்பையில் வீசி, கைப்பேசியையும் பிடுங்கிக்கொண்டு, அவளைப் பின்கட்டு அறையில் ஒதுக்கிவைத்திருந்தாள். பதிவேட்டில் இருந்த அதே வீடு. என் ஸ்கூட்டியில் போனால் பத்து நிமிடம்!

நான் கட்டிலருகே போய் நின்றேன். அவளுக்குக் குரல் எழவில்லை. குனிந்துதான் கேட்டேன்.

“வராதீங்கன்னு சொன்னேன்தான்க்கா... ஆனாலும் தேடிக்கினு வருவீங்கன்னு நெனச்சேன்.”

கோபத்தோடு அவள் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் இறந்தாள். இறப்பைப் பதிய வேண்டும் அல்லவா? மாறிப் போனவள் இங்கே எப்படி இறப்பாள்? அதனால் இரண்டாம் பொய். முதலில் ‘திரும்பி வந்தார்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே ‘இறந்தார்’ என்று எழுதினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

லூர்துமேரி அக்கா மட்டும் ஒருநாள் என் மேசைக்கு வந்தார். “சுமதி, அந்தத் தேங்காத்திட்டுப் பொண்ணு பேரு என் லிஸ்ட்ல வரவேயில்லியேம்மா. வந்திருந்தா நான் போயிருப்பேனே. நான்தான் பாக்காம வுட்டுட்டேனோ?” கண் கலங்கியிருந்தது. ஞாயிறு பூசையில் அவளுக்காக மன்றாடியதாகச் சொன்னார். “இல்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்!

அன்றிலிருந்து பயம். தொலைபேசி மணி அடித்தால் பயம். மேலிடத்திலிருந்து யாராவது பழைய பதிவேட்டைப் புரட்டுவார்களோ என்று பயம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு... இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடமும் பாதிதான் சொன்னவள் ஆவேன்.

ஆய்வுக் கூட்டம் நடந்த அந்த மாதம் நான் ஊர் மாற்றியது செல்வி ஒருத்தியை மட்டும் அல்ல. இன்னும் நான்கு பேர்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறார்களா என்றும் தெரியாது. உண்மையைச் சொன்னால் அக்கா இன்றைக்கே கிளம்பிவிடுவார். ஆனால் ‘இந்தப் பெயர்கள் ஏன் இத்தனை நாள் வரவில்லை’ என்று கேட்பாரே! பிறகு செல்வியைப் பற்றியும் கேட்பாரே!

இன்று காலை அக்கா குடையும் பையுமாக வந்து நின்றார். “லிஸ்ட் ரெடியாம்மா? வெயிலுக்கு முன்னாடி அரியாங்குப்பம் போயிட்டு வந்துர்றேன்.”

அச்சிட்டுக் கொடுத்தேன். அந்த நான்கு பெயரும் அதில் இல்லை.